தேவாங்கு நடக்க ஒரு கண்டம்

பேராண்டி, திருவிழா மேடையில நீ பேசினதை முன்வரிசையில உட்கார்ந்து கேட்டேன். தாத்தாவுக்குக் காது மந்தம்னு நினைச்சுக்காதே. நீ மைக்கைப் பிடிச்ச பிடிக்கு அடுத்த டிவிசன்ல படுத்திருந்தவனுக்கும் கேட்டிருக்கும். ஆப்பிரிக்காவில இருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் குமரிக்கண்டம் கிடந்துச்சுன்னே. ஒரே ராத்திரியில கடல் கொண்டு போயிருச்சுன்னே. முங்காம மிச்சம் நிக்கிற துண்டுதான் இலங்கைன்னு சொல்லி, காலால மேடையை ஓங்கி ஒரு உதை விட்டே. பொடியன்மார் விசிலடிச்சாங்க. தலைவர் பொன்னாடை போர்த்தினாரு. நானும் கைதட்டினேன். அதுக்கென்ன, காசா பணமா?

இவ்வளவு நல்லாப் பேசினவனை அடுத்த வருஷமும் விடமாட்டாங்க. அப்ப யாராவது பேராதனைக் கம்பஸ்ல படிக்கிற பொண்ணு எழுந்து நின்னு ஒரு கேள்வி கேட்டுட்டா, நீ முழிக்கிறதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணும். வயசான காலத்தில எனக்கு அது வேணாம். அதனால கொஞ்சம் யோசனை சொல்றேன், கேட்டுக்கோ. போனைக் கீழ வை.

குமரிக்கண்டத்துக்கு லெமூரியாங்கிற பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு எவனாவது வாயைத் திறந்தா, தாகமா இருக்குன்னு சொல்லி மேடையை விட்டு இறங்கிரு. அந்தப் பேரை வச்சது தமிழனும் இல்ல, சித்தரும் இல்ல. பிலிப் ஸ்கிளேட்டர்னு லண்டன்ல இருந்த விலங்கியல்காரர். 1864இல மடகாஸ்கர் மிருகங்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு. அந்தத் தீவில லெமூர்னு ஒரு பிராணி இருக்கு. அதோட ஒன்னுவிட்ட பங்காளி ஆப்பிரிக்காவிலயும் இருக்கு, இந்தியாவிலயும் இருக்கு, இங்க நம்ம காட்டிலயும் இருக்கு. இங்க இருக்கிறது எதுன்னு தெரியுமா? தேவாங்கு! சிங்களத்தில உனஹபுளுவாம்பாங்களே, ராத்திரியில முட்டைக் கண்ணை உருட்டிக்கிட்டுக் கிளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்குமே, அதுதான். நடுவுல இவ்வளவு கடலை வச்சுக்கிட்டு இந்தச் சாதி அங்கயும் இங்கயும் எப்படிப் போச்சுன்னு அவருக்குக் குழப்பம். கண்டம் நகரும்னு வெகனர் வந்து சொன்னதே 1912இலதான். நகர வழியில்லாத காலத்தில மனுசன் என்ன செய்வாரு? கடலுக்குக் குறுக்கே ஒரு முழுக் கண்டத்தைப் போட்டாரு. தேவாங்கு நடந்து முடிஞ்சதும் அதை முக்கிட்டாரு.

தேவாங்கு நடையை நீ பார்த்திருக்கியா? ஒரு கொப்பில இருந்து அடுத்த கொப்புக்குப் போறதுக்குள்ள நமக்குத் தேத்தண்ணி ஆறிரும். அதுக்கு வழி விட்டு அவ்வளவு காலம் பொறுமையா மிதந்த கண்டத்தை நாம பாராட்டத்தான் வேணும்.

அந்தக் கண்டத்தை ஜெர்மன்காரர் ஹெக்கல் எடுத்து மனுச சாதிக்கே தொட்டில்னு சொன்னாரு. 1888இல பிளாவட்ஸ்கின்னு ஒரு அம்மா அதில முன்னொரு மனித இனத்தையே குடியேத்தினாங்க. அப்புறம்தான் நம்மாளு கைக்கு வந்துச்சு. நம்மகிட்டயும் கடல்கோள் கதை இருந்துச்சு, இல்லைங்கல. இறையனார் களவியல் உரையில இருக்கு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதின அடியார்க்கு நல்லார் பஃறுளியாத்துக்கும் குமரியாத்துக்கும் நடுவுல 700 காவதம், 49 நாடுன்னு கணக்கு வச்சிருக்காரு. ஆனா அந்தப் புலவங்க யாரும் ஆப்பிரிக்கான்னோ ஆஸ்திரேலியான்னோ வாயால சொல்லல. அது ரெண்டையும் கொண்டு வந்து ஒட்டினது வெள்ளைக்காரன் தேவாங்குக் கணக்கு. நம்ம உரைகாரர் பேரையும் அவன் கண்டத்தையும் சேர்த்துத் தச்சு, 1981இல மதுரை உலகத் தமிழ் மாநாட்டில சினிமாப் படமாவே ஓட்டியாச்சு. நீ இப்ப வாட்ஸ்அப்பில ஓட்டுறே.

உரைகாரரைக் குறை சொன்னேன்னு போய் ஊர்ல சொல்லிராதே. கடல் ஊரைக் கொண்டு போகும்கிறது பொய்யில்ல. தனுஷ்கோடியை 1964 மார்கழிப் புயல்ல கொண்டு போச்சு. எங்க சனம் கப்பலேறின துறை அது. 2004 டிசம்பர்ல சுனாமி என்ன செஞ்சுச்சுன்னு உனக்கே தெரியும். அதுக்கும் முந்தி, சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால, கடல் மட்டம் இப்ப இருக்கிறதை விட 120 மீட்டர் அளவில கீழ இருந்துச்சு. பாக்கு நீரிணையில பெரும்பாலான இடம் பத்துப் பதினைஞ்சு மீட்டர் ஆழம் கூட இல்ல. அப்ப ராமேஸ்வரத்தில இருந்து மன்னாருக்குக் கால் நனையாம வந்திருக்கலாம். பனி உருகிக் கடல் ஏற ஏற, அங்க இருந்த சனம் வருஷா வருஷம் குடிசையைப் பின்னால தள்ளிப் போட்டிருக்கும். அந்த ஞாபகம் பாட்டிலயும் கதையிலயும் தங்கியிருந்தா எனக்கு ஆச்சரியமே இல்ல. ஆனா அது கண்டம் இல்ல பேராண்டி, கரை. கரை போனதைச் சொன்னா உனக்கு விசில் விழாது, அதான் கஷ்டம்.

ஆழத்தைப் பத்திக் கேட்டாலும் பதில் சொல்லாதே. குமரிமுனைக்குத் தெக்க போகப் போகக் கடல் மூவாயிரம் மீட்டரைத் தாண்டி இறங்குது. அங்க தரையில கிடக்கிறது எரிமலைக் குழம்பு ஆறின கருங்கல்லு. கனம் கூடின சாமான், ஆனா ஏழு கிலோமீட்டர் அளவுதான் தடிப்பு. கண்டத்துக் கல்லு வேற. அது லேசு. ஒரு கன செண்டிமீட்டருக்கு 2.7 கிராம்தான் தேறும். ஆனா தடிப்பு எக்கச்சக்கம். நம்ம இலங்கைக்கு அடியில மட்டும் முப்பதில இருந்து நாப்பது கிலோமீட்டர் இருக்கு. லேசாவும் தடிப்பாவும் இருக்கிறது கீழ இருக்கிற பாறை மேல மிதந்துக்கிட்டுத்தான் இருக்கும், நீ எவ்வளவு பலமா மேடையை உதைச்சாலும். அதை முக்கணும்னா ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்து மெலிசாக்கணும். அந்த வேலைக்கு ஒரு ராத்திரி பத்தாது, கோடிக் கணக்கில வருஷம் வேணும். நியூசிலாந்தைச் சுத்தி அப்படி மெலிஞ்சு முங்கின நிலம் ஒன்னு இருக்கு. சீலாந்தியாம்பாங்க. 49 லட்சம் சதுரக் கிலோமீட்டர், அதில 94 வீதம் தண்ணிக்குள்ள. அதுவும் ஒரு கண்டம்தான்னு 2017இல ஆராய்ச்சிக்காரங்க எழுதினாங்க. முங்கின கண்டமே இல்லைன்னு நான் சொல்லல பார். இருக்கு. நீ சொன்ன இடத்தில இல்ல, நீ சொன்ன காலத்திலயும் இல்ல.

கொழுந்துக் கூடை தூக்கின வீட்டுக் கிழவனுக்கு இதெல்லாம் எப்படின்னு யோசிக்கிறே. விக்டோரியா அணைக்குத் துளை போட்ட கோஷ்டியில நான் கூலிக்கு நின்னவன். அந்தக் காலத்தில உன் அப்பனுக்குப் பால்மா வாங்கின காசு அந்தத் துளையில இருந்து வந்ததுதான். தொழில் இதுதான்: குழாய் முனையில வைரத் தூள் பதிச்ச பல்லு இருக்கும். தண்ணியை அடிச்சுக்கிட்டே சுத்தும். பாறையை அறுத்துக்கிட்டு இறங்கும். கொஞ்ச நேரத்தில குழாயை மேல இழுத்துத் தட்டினா, உள்ள இருந்து உருண்டையான கல்லு முழம் முழமா வழுக்கிக்கிட்டு விழும். அதுக்குக் கோர்னு பேரு. அதைப் பலகைப் பெட்டியில வரிசை மாறாம அடுக்கி, இத்தனை அடியில எடுத்ததுன்னு கறுப்பு மையில எழுதணும். தலைகீழா அடுக்கிட்டா இன்ஜினியர் அப்பன் ஆத்தாளைச் சேர்த்து விசாரிப்பாரு. ஒரு துண்டைத் தண்ணி ஊத்திக் கழுவினா சாம்பல் நிறத்தில கோடு கோடா ஓடும். நடுவுல மிளகு அளவில சிவப்புப் புள்ளி, சிலது விரல் நகம் அளவு. கார்னட்டு. அடுத்த துண்டு வெள்ளை வெளேர்னு சீனிக்கட்டி மாதிரிப் பளபளக்கும் சலவைக்கல்லு. அந்த வெள்ளைக்கல்லு வந்தா எங்க ஆளுகளுக்குப் பயம். உள்ளே விட்ட தண்ணி மேல திரும்பி வராது. கல்லு கரைஞ்சு உள்ளே பொந்து விழுந்திருக்கும்.

பேராதனைப் பிள்ளைங்க பஸ்ஸில வந்து இறங்கும். நுணுக்குக் கண்ணாடியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கோரைத் தடவிக்கிட்டே நிக்கும். அவங்களைக் கூட்டி வந்த வாத்தியார் சொன்னதைக் கேட்டு எனக்குக் கை நடுங்கி, கல்லைக் கீழ வச்சுட்டேன். இந்தக் கார்னட்டு விளையணும்னா எண்ணூறு தொள்ளாயிரம் டிகிரி சூடு வேணுமாம். பூமிக்குள்ள இருபத்தஞ்சு முப்பது கிலோமீட்டர் ஆழத்து அழுத்தம் வேணுமாம். அதாவது நம்ம கண்டிக் கல்லு ஒரு காலத்தில முப்பது கிலோமீட்டர் கீழ வெந்துக்கிட்டு இருந்தது. அது 55 கோடியில இருந்து 61 கோடி வருஷத்துக்கு முந்தின சமையல். அதுக்கு முந்தி அது கடலடி மண்ணும் சுண்ணாம்புமா இருந்தது வேற கதை. மேல கிடந்த மலையெல்லாம் மழையில கரைஞ்சு கரைஞ்சு போய், அடிக்கல்லு மேல வந்து, அது மேல தலதா மாளிகையையும் நம்ம கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலையும் கட்டியிருக்காங்க. கீழ போன நிலத்தைத் தேடி நீ அலையிறே. கீழ இருந்து மேல வந்த நிலத்தில நின்னுக்கிட்டு!

இதைப் பேசினா தமிழன் பெருமை வராதேன்னு நீ கவலைப்படுறது தெரியுது. அதுக்கும் தாத்தாகிட்ட சரக்கு இருக்கு. இந்தக் கல்லை முறையா ஆராய்ஞ்சு எழுதின ஆரம்ப ஆளு ஆனந்த குமாரசுவாமி. தமிழர் முத்து குமாரசுவாமியோட மகன். இலங்கைப் பாறைகளையும் பென்சில்கரியையும் பத்தி 1900இலயும், இந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் பத்தி 1902இலயும் லண்டன் புவியியல் சங்க ஏட்டில எழுதினாரு. 1903இல இருந்து 1906 வரைக்கும் இலங்கைக் கனிம ஆய்வுக்குத் தலைமை. தோரியனைட்டுன்னு ஒரு கனிமத்தை உலகத்துக்குக் காட்டினவரும் அவர்தான். கல்லைத் தேடி மலை மலையா அலைஞ்ச மனுசன் கண்டிக் கொல்லன், தச்சன், நெசவாளி வேலையில மயங்கி, 1908இல அதுக்கு ஒரு பெரிய புத்தகமே போட்டாரு. அவரைப் பத்தி மேடையில ஒரு வரி பேசினவன் நம்ம தோட்டத்தில இல்ல. பேசு. ஒரு தட்டாவது தட்டுறேன்.

இப்ப விஷயத்துக்கு வா. இலங்கை ஒரு மிச்சத் துண்டுன்னு நீ சொன்னியே, அதில பாதி சரி. தவறிப் போய் வாயில வந்த சரி, ஆனாலும் சரிதான். கோண்டுவானான்னு ஒரு பெரிய நிலம். இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒன்னாக் கிடந்த கூட்டுக் குடும்பம். அதில நம்ம தீவு இந்தியாவுக்கும் மடகாஸ்கருக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவுல சொருகிக்கிட்டு இருந்துச்சு. அண்டார்டிகாவில லுட்சோ-ஹோம் குடான்னு ஒரு இடம். ஜப்பான்காரன் அங்க சியோவான்னு ஒரு நிலையம் வச்சிருக்கான். அங்க இருக்கிற கல்லும் கண்டிக் கல்லும் ஒரே சமையல். அதனாலதான் அந்த ஜப்பான்காரங்க பனியில பார்த்த கல்லைத் தேடி இங்க வெயில்ல வந்து சுத்தியலைத் தூக்கினாங்க. இந்தப் பக்கம் பார்த்தா கேரளத்திலயும் மதுரைச் சீமையிலயும் இதே சாதிக் கல்லுதான். சென்னை பரங்கிமலையில சார்னோக்கைட்டுன்னு ஒரு கல்லு பேர் போனது. அதுவும் நம்ம மலைகள்ல தாராளமாக் கிடக்கு. தாய்நாட்டுச் சொந்தம் வேணும்னா இதோ, கல்லுச் சொந்தம். எவனும் மறுக்க மாட்டான்.

குடும்பம் பிரிஞ்சப்ப ஆளாளுக்குப் போயிட்டாங்க. நம்ம தீவும் தனிக்குடித்தனம் போகணும்னு கிளம்பின மருமகதான். மன்னார்க் குடாவில பூமி பிளந்துச்சு, நிலம் இழுபட்டு மெலிஞ்சு இறங்குச்சு. ஆனா முழுசாப் பிரியல. பாதியில நின்னு போச்சு. பெட்டியைக் கட்டிக்கிட்டு இஸ்தோப்பு வரைக்கும் வந்தவ, அங்கயே உட்கார்ந்துட்டா. இன்னைக்கும் மாமியார் வீட்டுக் கூரைக்குக் கீழதான். இந்தியத் தட்டு மேலயே குந்திக்கிட்டு இந்தியாவோட சேர்ந்தே வடக்க நகர்றா. கோபத்துக்கு மட்டும் நடுவுல கொஞ்சம் தண்ணி. அந்தப் பிளவில கிலோமீட்டர் கணக்கில மண்ணு படிஞ்சு, 2011இல கேர்ன் கம்பனி அங்க துளை போட்டப்ப வாயு வந்துச்சு. அந்த வாயுவை எடுத்து விக்கப் போறோம்னு அன்னையில இருந்து எத்தனை மந்திரிமார் பேசிட்டாங்க! அந்தப் பேச்சு மட்டும் உன் பேச்சுக்கு ஈடாகும்.

சொல்ல மறந்துட்டேன், 2020 ஆகஸ்டில திகனைப் பக்கம் தரை லேசா நடுங்குச்சு. பிறகும் சில தடவை. பல்லேகலையில இருக்கிற நிலநடுக்க மானி பதிஞ்சுச்சு. புவிச்சரிதவியல் பணியகத்து ஆளுங்க வந்து பார்த்தாங்க. அன்னைக்கு ராத்திரி நீ என்ன போட்டே? குமரிக்கண்டம் மேல எழும்புதுன்னு! எழும்புற கண்டம் திகனையில மட்டும் எழும்பி, கட்டுகஸ்தோட்டைக்குத் தெரியாமயா இருக்கும்?

உண்மையா முங்கின ஊரைப் பார்க்கணும்னு ஆசையா இருந்தா பஸ்ஸைப் பிடி, தெல்தெனியாவுக்குப் போ. இப்ப இருக்கிற டவுன் இல்ல, பழைய டவுன். விக்டோரியா அணை கட்டினப்ப, கடை, தெரு, கோயில், பன்சலைன்னு எல்லாம் தண்ணிக்குள்ள போச்சு. அணை 122 மீட்டர் உசரம். 1985 ஏப்ரல்ல தாட்சர் அம்மா வந்து திறந்து வச்சாங்க. நல்ல வறட்சி வந்து தண்ணி இறங்கினா அங்க சுவரும் படியும் சேத்துக்குள்ள இருந்து தலையைக் காட்டும். கண்டியில இருந்து சனம் சோத்துப் பொட்டலம் கட்டிக்கிட்டுப் பார்க்கப் போகும். அந்த டவுன்ல கடை வச்சிருந்தவங்க இன்னும் உயிரோட இருக்காங்க. நட்ட ஈடு பத்தலைன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தி முங்கினவனுக்குக் கண்ணீர் விட்ட நீ, இவங்களுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். சரி, அதை விடு. அதில மைக் இல்ல.

உன் பேச்சில காவியம் வேணும்னா ஒன்னு தர்றேன். இந்து சமுத்திரத்தோட தெக்குக் கோடியில, அண்டார்டிகாவுக்குப் போற பாதியில, கெர்கலன்னு பெரிய கடலடி மேடு இருக்கு. எரிமலைக் குழம்பு கக்கிக் கட்டின மேடு. அதோட ஒரு ஓரம் எலான் திட்டு. 1998-99இல ஜாய்டெஸ் ரெசல்யூஷன்னு ஒரு துளைக் கப்பல் போய் அங்க குழாயை இறக்குச்சு. எங்க கோஷ்டி வேலைதான், ஆனா கடலுக்கு நடுவுல. மேல வந்த கோர்ல எரிமலைக் கல்லுக்கு நடுவுல ஆத்துக் கூழாங்கல்லு! அதில கார்னட்டு பதிஞ்ச கண்டத்துக் கல்லு! நம்ம மலையில கிடக்கிற சாதி. இந்தியாவோட கிழக்குக் கரையில இருந்து கழண்டு போன துண்டுன்னு கணக்குப் போட்டாங்க. அந்தத் துண்டு ஒரு காலத்தில தண்ணிக்கு மேல நின்னிருக்கு, அதில ஆறு ஓடியிருக்கு. கேட்டியா, முங்கின நிலம், ஓடின ஆறு, நம்ம பக்கத்துக் கல்லு, மூணும் சேர்ந்தாச்சு. ஆனா பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தின ஆறு. அப்ப நீயும் இல்ல, நானும் இல்ல, சங்கப் புலவரும் இல்ல, தேவாங்கே இல்ல. மனுச சாதிக்கு வயசு மூணு லட்சம் வருஷம்தான். கோடின்னு வாயில வந்தா உடனே இருமிரு.

அதை விடச் சுவாரசியம் மொரீசியஸ். அங்க நம்ம சனம் வெள்ளைக்காரன் காலத்தில கரும்புத் தோட்டத்துக்குப் போனவங்க. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறாங்க, அரசாங்கமே லீவு விடுது. தீவு எரிமலையில பிறந்தது, வயசு சுமார் 90 லட்சம் வருஷம். 2013இல ஆராய்ச்சிக்காரங்க அந்தக் கடற்கரை மணலை அள்ளிச் சலிச்சப்ப சிர்கான்னு ஒரு மணி கிடைச்சுச்சு. கண்ணுக்குத் தெரியாத பொடி. வயசு பார்த்தா 66 கோடியில இருந்து 197 கோடி வருஷம். பிள்ளைக்கு வயசு 90 லட்சம், மடியில இருக்கிற மணிக்கு 197 கோடி! தீவுக்கு அடியில ஒரு பழைய கண்டத்துண்டு முங்கிக் கிடக்கு, எரிமலைக் குழம்பு வர்ற வழியில அதைச் சுரண்டிக்கிட்டு வந்திருக்குன்னு சொல்லி, அதுக்கு மொரீஷியான்னு பேரும் வச்சாங்க. நம்பாதவங்க விடுவாங்களா? காத்து அடிச்சுக் கொண்டு வந்த மணலாயிருக்கும்னாங்க. வண்டி டயர்ல ஒட்டி வந்ததுன்னாங்க. ஆராய்ச்சிக்காரங்க சப்பாத்தில ஒட்டி வந்ததுன்னும் சொன்னாங்க. 2017இல தென்னாபிரிக்கா அஷ்வாலும் அவர் கூட்டமும் மணலை விட்டுட்டுப் பாறையையே உடைச்சுப் பார்த்தாங்க. சுமார் 60 லட்சம் வருஷத்துப் பாறைக்குள்ள 300 கோடி வருஷத்து சிர்கான். கல்லுக்குள்ள இருக்கிறதை எந்தச் சப்பாத்து கொண்டு வரும்? வாயடைச்சுச்சு.

அப்ப முங்கின கண்டத்து மேல நம்மாளு காவடி எடுத்து ஆடுறான்னு நீ தாராளமாச் சொல்லலாம். அது சத்தியம். ஆனா அவனோட முப்பாட்டன் அங்க கப்பல்ல போனான். உன் முப்பாட்டன் மன்னார்ல இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து, காப்பிச் செடிக்குக் குழி வெட்ட வந்தான். வழியில கொள்ளை நோயில செத்தவனை அங்கயே விட்டுட்டு, கங்காணிகிட்ட வாங்கின முன்பணக் கடனோட வந்தான். அவன் நடந்த தூரத்துக்கு எந்த ஸ்கிளேட்டரும் ஒரு கண்டம் போட்டுத் தரல.

அடுத்த வருஷம் மொரீசியஸ்ல இருந்து யாராவது உன்னைப் பேசக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க, உன் வாய் அப்படி. போயிட்டு வா. கடற்கரையில நில்லு, போட்டோ எடு. ஆனா பிளேன்ல ஏறும் முன்னால செருப்பை நல்லாத் தட்டிரு பேராண்டி. அந்த சிர்கான் ஒன்னு உன் செருப்பில ஒட்டிக்கிட்டு வந்து நம்ம லயத்து வாசல்ல விழுந்துச்சுன்னா, பேராதனைப் பிள்ளைங்க இங்க ஒரு புதுக் கண்டத்தைக் கண்டுபிடிச்சிருவாங்க. அப்புறம் துரை அதுக்கும் சேர்த்துக் குத்தகை கேப்பான்.